அறவாணிகமா, அன்பின் வழியா? இரட்சணிய யாத்திரிகத்தில் மறுமைப் பயன்

எச். ஏ. கிருட்டிணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றித் தமிழாசிரியர் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் கடுமையாகச் சொன்னார்: “நடை கம்பனுடையது, நெஞ்சம் வாணிகனுடையது. முத்தி கிடைக்கும் என்பதற்காக ஒருவன் நடக்கிறான். கிடைக்காது என்றால் நடப்பானா?” பத்துமலை அடிவாரத்துக் கடையொன்றில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது எழுந்த பேச்சு இது. எதிரே 272 படிகளிலும் மக்கள் ஏறிக்கொண்டிருந்தனர். பிள்ளைப்பேறு வேண்டியவர், நோய் தீர்ந்தவர், தேர்வில் தேறியவர் எனப் பலர். ‘இவர்களையும் வாணிகர் என்பீரோ?’ என்று கேட்டேன். நண்பர் சிரித்து மழுப்பிவிட்டார். நான் பிறந்தது சைவக் குடும்பம். ஆயினும் அந்தக் கேள்வி கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று என்பதால் நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

நண்பரின் கேள்விக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடிய புறநானூற்று 134-ஆம் பாட்டை அறியாத தமிழாசிரியர் இரார். இம்மையில் கொடுத்தது மறுமையில் வட்டியோடு திரும்பும் எனக் கணக்கிட்டுக் கொடுப்பவன் அல்லன் அவன்; சான்றோர் நடந்த வழி என்பதாலேயே கொடுத்தான் என்பது அதன் கருத்து. சேக்கிழாரோ இன்னும் ஒரு படி மேலே போய், அடியார்க்கு வீடுபேறும் வேண்டியதில்லை, அன்போடு கும்பிடுதலே போதும் என்கிறார். இத்தகைய அளவுகோலைக் கையில் வைத்திருக்கும் நாம், விண்ணகப் பரிசை வெளிப்படையாகப் பேசும் ஒரு காப்பியத்தை ஐயத்தோடு பார்ப்பது இயல்பே.

கிறித்தவ மறை பரிசை மறைக்கவும் இல்லை. மோசே எகிப்தின் செல்வத்தை விட்டு நீங்கியது இனி வரும் பலனை நோக்கியே என்று எபிரெயர் நிருபம் கூறும். பவுலடியார் ஓட்டப் பந்தயத்தையும் வாடாத முடியையும் உவமையாக்குவார். ஆகவே ‘கிறித்தவம் பயன் கருதாதது’ என்று சொல்லித் தப்புவதற்கு வழியில்லை. பயன் யாது என்பதே வினா.

அதற்கு மூலநூலுக்குப் போக வேண்டும். ஜான் பனியன் 1660 முதல் 1672 வரை சிறையில் கிடந்தவர். பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்த தொழிலாளி. அவருடைய ‘பரதேசியின் மோட்சப் பிரயாணம்’ 1678-இல் வெளிவந்தது. அதில் ஓர் இடம். வழியில் ஒரு மாளிகையில் தங்கும் பயணியை, ‘சீயோன் மலைக்குப் போக நீ ஏன் இவ்வளவு விரும்புகிறாய்?’ என்று விவேகம் என்னும் நங்கை கேட்கிறாள். பொன் வீதி, முத்து வாயில், கின்னரம் என்று அவன் அடுக்கவில்லை. சிலுவையில் மாண்டு தொங்கியவரை அங்கே உயிரோடு காணலாம் என்பதே அவன் முதலில் சொல்லும் காரணம். தன் உள்ளத்தை அலைக்கழிக்கும் தீமைகள் அங்கே தொலையும் என்பது அடுத்தது. என் சுமையை இறக்கியவர் அவர், ஆகவே அவரை நேசிக்கிறேன் என்றும் சொல்கிறான். கூலி கேட்பவன் பேச்சா இது?

கிருட்டிணபிள்ளை (1827–1900) இந்த நுட்பத்தைப் பிடித்துக்கொண்டார் என்பது என் கருத்து. வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். 1894-இல் வெளியான அவரது காப்பியம் ஐந்து பருவங்களும் 3,700க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது. பனியன் சிலுவையடியைச் சில வரிகளில் கடந்துவிடுகிறார்; அவருடைய வாசகருக்கு அந்தக் கதை மனப்பாடம். தமிழ் வாசகருக்கு அப்படியன்று. எனவே பிள்ளை, இயேசு பிடிபட்டு, இகழப்பட்டு, அறையப்பட்ட வரலாற்றை முழுமையாக விரித்துக் குமார பருவத்தில் அமைத்தார். இதைச் ‘சேர்க்கை’ என்று மட்டும் சொல்லி நகர்வோர் உண்டு. எனக்கோ, காப்பியத்தின் மையமே அதுதான். பயணி யாரைக் காண நடக்கிறான் என்பதை முதலில் காட்டாவிட்டால் ஊர் மட்டுமே மிஞ்சும். ஊர் மட்டும் மிஞ்சினால் நண்பர் சொன்ன வாணிகம்தான். இடையிடையே தேவாரம் என்ற பெயரில் அவர் வைத்த இசைப்பாடல்களும் பரிசைக் கேட்கும் குரலைவிட ஆளைக் கூப்பிடும் குரலாகவே என் காதில் விழுகின்றன. திருமாலடியார் மரபில் பரமபதமும் தொண்டு செய்யக் கிடைக்கும் இடமே; அந்தப் பழைய பழக்கம் புதிய சமயத்திலும் அவருக்குக் கைகொடுத்திருக்கலாம்.

குறையும் சொல்ல வேண்டும். விண்ணகரை வருணிக்கும்போது அவருக்குள் இருக்கும் கம்பதாசர் எழுந்துவிடுகிறார். பொன்னும் மணியும் மாடமும் குவிகின்றன. அணிகள் அழகியவையே, ஆயினும் அயோத்திக்கும் அந்த நகருக்கும் வேறுபாடு குறைகிறது. பாடு பட்டவரைப் பாடிய கைக்கு இருந்த நடுக்கம் இந்த வருணனைக்கு இல்லை. வகுப்பில் வருணனையை மட்டும் எடுத்துப் பாடம் நடத்தினால் மாணவர் நண்பரின் முடிவுக்கே வருவர்.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு: மனைவி மக்கள் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறானே, இது என்ன அறம்? இல்லறத்தைப் போற்றும் நமக்கு இது உறுத்தும். பனியனுக்கும் உறுத்தியிருக்குமோ என்னவோ, 1684-இல் இரண்டாம் பாகம் எழுதி மனைவியையும் மக்களையும் அதே வழியில் நடக்கவிட்டார்.

கூலிக் கணக்கு என்றதும் திராட்சைத் தோட்ட உவமை நினைவுக்கு வருகிறது. விடியலில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. எங்கள் பள்ளி ஆசிரியர்களிடையே இதைச் சொன்னபோது இளையவர் ஒருவர், ‘இது அநியாயம்’ என்றார். பெரட்டும் செக்ரோலும் நடந்த காலத்தை அறிந்தவர் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்தேன். ஆனால் அங்கிருந்த, முன்னாளில் பால் வெட்டிய முதியவர் ஒருவர், “ஐயா, அஞ்சு மணி வரைக்கும் யாரும் கூப்பிடாம நின்னவன் வீட்டிலயும் உலை வைக்கணுமில்ல?” என்றார். உவமையில் முணுமுணுப்பவர்கள் கணக்கு வைத்திருந்தவர்களே. அந்த முதியவர் பேசியது அந்தத் தோட்டக்காரன் பக்கம் நின்று.

நண்பருக்குச் சான்று ஒன்று காட்டி நிறுத்துகிறேன். பனியனின் கதை முடிவில் பாலமில்லாத ஆறு குறுக்கிடுகிறது. இறங்கிய பயணி மூழ்குகிறான். செய்த பாவங்கள் நினைவில் எழுந்து அச்சுறுத்துகின்றன. தலையைத் தாங்கிப் பிடிக்கும் துணைவன், வாயில் தெரிகிறது, வரவேற்க ஆட்கள் நிற்கிறார்கள் என்று தேற்றுகிறான். ‘அவர்கள் காத்திருப்பது உனக்காக, எனக்காக அன்று’ என்கிறான் இவன். பரிசு தனக்கில்லை என்றே அந்த நேரத்தில் நம்புகிறான். சிறிது பொறுத்து உரக்கக் கூவுகிறான். நகரைக் கண்டேன் என்றோ வாயிலைக் கண்டேன் என்றோ அன்று. அவரை மீண்டும் காண்கிறேன் என்று. அதன் பிறகுதான் அவன் காலுக்குத் தரை தட்டுப்படுகிறது.