பாட்டுக்குள் நிற்கும் ஆள்

கச்சேரியில் 'யாரோ இவர் யாரோ' தொடங்கியதும் பைரவி என்று கண்டுபிடித்துத் தலையாட்டுவதோடு பலரும் நின்றுவிடுகிறோம். ராகம் கொஞ்சம் இருக்கட்டும். இதைப் பாடுவது யார் என்று கேட்டுப் பாருங்கள். மிதிலைக்கு வந்த ராமன். கன்னிமாடத்தில் ஒரு பெண் நிற்கிறாள், யாரென்று தெரியவில்லை. துதிப்பாட்டாக நினைத்துக் கேட்ட காலத்தில் எனக்குப் பிடிபடாத ஒரு நடுக்கம், இளைஞன் ஒருவனின் திகைப்பாகக் கேட்ட அன்றுதான் பிடிபட்டது.

எழுதியவர் சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779). திருவாரூரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகளுக்கு முந்தியவர். ஆனால் அவர்கள் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தெரியாது. கம்பன் கதையை எடுத்து இராம நாடகக் கீர்த்தனை செய்தார், ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றினார். அதில் விருத்தம் கதையை நகர்த்தும். மனம் பொங்கும் இடத்தில் 'தரு' என்னும் பாட்டு வரும். இத்தாலிய ஓபராவிலும் இதே ஏற்பாடுதான்: பேச்சை ஒட்டிய பாட்டில் கதை ஓடும், ஆரியாவில் மனம் பேசும். அலெஸ்ஸாண்ட்ரோ ஸ்கார்லாட்டி பெரிய வீட்டுக் கூடங்களுக்கென எழுதிய அறுநூறுக்கும் மேற்பட்ட கான்டாட்டாக்களும் இந்த இரண்டையும் மாற்றி மாற்றித் தொடுத்தவையே.

காஞ்சிபுரம் பக்கத்து முசரவாக்கத்துக்காரனான எனக்கு இதைப் புரியவைத்தது பட்டுச்சேலை. காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடா ஓடும், இருவர் கைசேர்ந்தால்தான் இரண்டும் கவ்விக்கொள்ளும். விருத்தமும் தருவும் அப்படித்தான். கச்சேரி மேடைக்குக் கரை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே தருவுக்கு முன் என்ன நடந்தது என்று ஒருமுறை படித்துவிட்டுக் கேளுங்கள்.

முழுச்சேலை பார்க்க ஆசையா? காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும்போது தெருக்கூத்துக்குப் போய், விடிய விடிய உட்காருங்கள். இருவர் திரை பிடிக்க, வேஷக்காரர் அதன் பின்னால் நின்றே பாடுவார். முகவீணை அந்தச் சுரத்தை இழுத்துப் பிடிக்கும். திரை விலகியதும் கட்டியங்காரன் அவரிடம் யார் எவர் என்று விசாரிப்பான். அவர் பாடி முடித்த அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாட, அந்த இடைவெளியில் அவர் மூச்சு வாங்குவார், சுற்றி ஆடுவார். பாட்டு ஒரு ஆளின் உடம்பிலிருந்து வருவது கண்ணெதிரே தெரியும்.

 

கூத்து பார்த்த கண்ணோடு மறுபடி அந்தப் பைரவிக்கு வாருங்கள். பாடகர் பல்லவிக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் சங்கதி மாறும். ராமன் அதே இடத்தில்தான் நிற்கிறான். மாடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.