தலைக்கட்டு வரியை யார் கட்டுகிறார்?

மதத்தை விட்டு வெளியேறிய கதையைச் சொல்வது இன்று தமிழில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. இதழ்களில் தொடராகவும் யூடியூபில் நேர்காணலாகவும் புத்தகக் காட்சியில் மொழிபெயர்ப்பாகவும் வருகிறது. இவற்றைப் பற்றி யாராவது கேள்வி எழுப்பினால் உடனே ஒரு பதில் வந்து நிற்கும்: இது அவருடைய சொந்த அனுபவம், அனுபவத்தோடு வாதாட முடியாது. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. சாமியாடியும் எழுப்புதல் கூட்டத்தில் சாட்சி சொல்பவரும் சொல்வது இதைத்தான்: எனக்கு நடந்தது, நான் உணர்ந்தேன், கேட்க நீ யார்? அதைக் கேட்கும் உரிமைக்காகத்தான் பகுத்தறிவு இயக்கமே தோன்றியது. நம்புகிறவரின் அனுபவத்தைத் துருவலாம், விட்டவரின் அனுபவத்தைத் தொடக்கூடாது என்றால், பழைய புனிதத்தின் இடத்தில் புதிய புனிதம் வந்து உட்கார்ந்துவிடும்.

இந்த எழுத்துக்குத் துணிவு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பகத்சிங் 1930இல் லாகூர் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையைத் தமிழில் தந்ததற்காகப் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா சிறை சென்றார். மதுவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியதற்காக, மதத்தை விடாத கவிஞர் ஹெச்.ஜி. ரசூலையே 2007இல் தக்கலையில் ஊர்விலக்கம் செய்தார்கள். கோவையில் ஃபாரூக் 2017 மார்ச்சில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம் கடவுள் மறுப்பைப் பகிரங்கமாகச் சொன்னது. சிற்றூரில் வாய் திறக்க முடியாமல் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இப்படிப்பட்ட ஒரு பக்கம் துணையாகிறது என்பதும் உண்மை. இவ்வளவையும் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் எனக்கு நெடுநாளாக ஒரு மறுப்பு உண்டு. இந்தக் கதைகளில் பெரும்பாலானவை மதத்தைத் தலைக்குள் மட்டுமே தேடுகின்றன. சிறுவயதில் நரகத்தைப் பற்றிய பயம், பெரியவரிடம் கேட்ட கேள்வி, கிடைத்த அடி, பிறகு பெரியாரோ ரஸ்ஸலோ டாக்கின்ஸோ எழுதிய ஒரு நூல், அதன்பின் விடுதலை. மதத்தின் தீங்காக இவர்கள் எழுதுவது பயமும் குற்றவுணர்வும்தான். அந்தத் தீங்கு மெய்யானது. ஆனால் நம் மண்ணில் மதம் முதலில் குடியிருப்பது தலைக்குள் இல்லை. கல்யாணத்தில், கருமாதியில், சுடுகாட்டில், பங்காளிக் கணக்கில், தலைக்கட்டு வரியில் இருக்கிறது.

அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். ஊர்த் திருவிழாவுக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். கட்டுகிறவரிடம் சாமி உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கட்டினால் ஊரில் ஒருவர், பங்காளிகளில் ஒருவர், சாவுக்கு நாலு பேர் வந்து நிற்பார்கள். கட்டாவிட்டால் இல்லை. எத்தனையோ ஊர்களில் தலித் மக்களிடம் இந்த வரியை வாங்குவதே இல்லை. வாங்கினால் கோயிலில் உரிமை தர வேண்டிவரும் என்பதால். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற தலித்துகள் 2023இல் தாக்கப்பட்டார்கள், கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. அங்கே சண்டை கடவுள் உண்டா இல்லையா என்பதற்காக நடக்கவில்லை. மதத்தை விட்டேன் என்று எழுதுகிறவர் சொல்ல வேண்டியது இதுதான்: ஊரில் உங்கள் வீட்டின் பெயரில் அந்த வரியை இப்போது யார் கட்டுகிறார்? அண்ணனா, அம்மாவா? நிறுத்திவிட்டீர்களா? நிறுத்தியபோது என்ன நடந்தது? நான் படித்த கதைகளில் இதற்குப் பதில் கிடைத்தது மிக அரிது.

கல்யாணத்துக்கு வந்தால் மௌனம் இன்னும் கெட்டியாகிறது. இந்த வகை எழுத்தில் ஆண்கள் அடிக்கடி எழுதும் ஒரு செய்தி உண்டு: மனைவி பக்தி உள்ளவர், அவர் நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை. இதைப் பெருந்தன்மையாகவே வாசகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். என் கண்ணுக்கு இது மதத்தின் வேலை முழுவதையும் ஒரு பெண்ணின் தலையில் இறக்கிவைத்த கணக்கு. விரதம் இருப்பது அவர், மாமனாரின் திதிக்குச் சமைப்பது அவர், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது அவர், சம்பந்தி வீட்டு முறைகளைச் செய்வது அவர். அந்தப் பொங்கலும் அந்த முறையும்தான் சாதியின் உறவுக்கயிறு அறுந்துவிடாமல் காக்கின்றன. மகளுக்கு வரன் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் வருகிறது, பெரும்பாலும் சொந்தச் சாதியிலிருந்து. கட்டுரையில் விடுதலை பெற்ற ஆண், மதம் ஈட்டித் தரும் அத்தனையையும் வீட்டில் அனுபவிக்கிறார். ஜமாஅத் பதிவேட்டிலும் மையவாடியிலும், பங்குக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டிலும் கல்லறையிலும் நடப்பது வேறில்லை. கணவன் விட்ட மதத்தை அவன் குடும்பத்துக்காக மனைவி சுமக்கிறாள். அவள் விட்டால் என்ன ஆகும் என்ற கதையை எழுதத்தான் ஆள் குறைவு.

மதம் தலைக்குள் மட்டும் இல்லை என்பதைச் சட்டமும் சொல்கிறது. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாதவருக்கு 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பொதுவாகப் பொருந்தும். இந்துவாகப் பிறந்த நாத்திகரும் அதற்குள்தான். அண்ணா ஆட்சியில் 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குக் கிடைத்த ஏற்பும் அதே சட்டத்தின் 7-அ பிரிவாக, இரண்டு இந்துக்களின் திருமணமாகவே நிற்கிறது. வெளியே போக நினைப்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் 30 நாள் முன்னறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். வீட்டுக்குத் தெரிந்தால் உயிர் போகும் என்று அஞ்சி ஓடிவரும் இணைக்கு அந்த 30 நாள் என்ன செய்யும்? இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத வெளியேற்றக் கதை பாதிக் கதை.

வெளியேறக் கொடுக்கும் விலையும் எல்லாருக்கும் ஒன்றல்ல. நிலமும் உறவும் உள்ள சாதியில் பிறந்தவர் சாமி இல்லை என்று எழுதிவிட்டு, பெரும்பாலும் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியும். தலித் ஒருவர் இந்து மதத்தை விட்டுக் கிறிஸ்தவரானால், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். அங்கேயும் சாதி அவரை விடுவதில்லை; திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்றது ஒரு சுவர். எதை இழந்தேன், எதை இழக்கவில்லை என்று எழுதாதவர், எழுதாமலே தன் சாதியைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

இதை எழுத முடியாது என்பதும் இல்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியபோது, தன் மனதின் ஐயங்களை முன்னே வைக்கவில்லை. பொட்டுக்கட்டும் முறையில் யார் யாரை விற்றார்கள், யார் தின்று கொழுத்தார்கள் என்று அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவராக எழுதினார். காஞ்ச அய்லய்யா தான் ஏன் இந்து இல்லை என்பதை உழைப்பிலிருந்தும் உணவிலிருந்தும் வீட்டுச் சாமியிலிருந்தும் தொடங்கிச் சொன்னார். அம்பேத்கர் இந்து மதத்தை விடப்போவதாக 1935இல் இயோலாவில் அறிவித்து, 1956இல் நாக்பூரில் மதம் மாறியபோது எடுத்த 22 உறுதிமொழிகளில் சிரார்த்தம் செய்யமாட்டேன், பார்ப்பனரை வைத்துச் சடங்கு நடத்தமாட்டேன் என்பனவும் இருந்தன. நம்பிக்கை போனால் சடங்கு தானாகப் போகும் என்று அவர் எண்ணவில்லை.

இதற்கு மாறாகவும் நடக்கும். இஸ்லாத்தை விட்ட எழுத்தாளர் அயான் ஹிர்சி அலியின் முதல் தன்வரலாற்றில் வலுவான பக்கங்கள் குலத்தையும் கட்டாயக் கல்யாணத்தையும் பற்றியவை. 2023இல் தான் கிறிஸ்தவரானதை விளக்கி எழுதியபோது மேற்கத்திய நாகரிகமும் உள்ளத்தின் வெறுமையுமே பேச்சானது. முன்பு அவர் எழுதிய வீட்டை அங்கே காணவில்லை. மதத்தை வெறும் நம்பிக்கையாகப் பார்க்கத் தொடங்கினால் ஒரு நம்பிக்கைக்குப் பதில் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். கல்யாணத்தையும் சொத்தையும் சாவையும் பற்றி எழுதியவருக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

அடுத்து எழுத உட்காருகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். எந்த நூல் உங்களை மாற்றியது என்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். உங்கள் தாயின் கருமாதியை யார் செய்தார், மகளை எந்த வீட்டில் கொடுத்தீர்கள், தலைக்கட்டு வரி யார் கையால் போகிறது என்று எழுதுங்கள். உங்கள் மனைவியையும் எழுதச் சொல்லுங்கள்.