வினாவின் இலக்கணம்: ஹெலன் சுஸ்மனை முன்வைத்து

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் எல்லோரும் இதை மனப்பாடம் செய்து பரீட்சையில் கக்கியவர்கள்தான், நான் உட்பட. தனக்குத் தெரிந்ததை மாணவனிடம் கேட்கும் ஆசிரியரும், கடையில் போய்ப் பயறு இருக்கிறதா என்று கேட்பவரும் ஒரே வாக்கிய அமைப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். யார், யாரிடம், எங்கே நின்று கேட்கிறார் என்பதில்தான் வகை மாறுகிறது. அதாவது இலக்கணத்துக்குள்ளேயே அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. எந்த வகுப்பிலும் இதைப் பேசிக் கேட்டதில்லை. தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்த ஹெலன் சுஸ்மனின் அவைப் பணியை இந்தக் கோணத்தில் வைத்து வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு கற்பித்தவர், 1953இல் ஹவுட்டன் தொகுதியிலிருந்து அவைக்கு வந்தார். 1959இல் ஐக்கியக் கட்சியிலிருந்து பிரிந்து முற்போக்குக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1961 தேர்தலில் அந்தக் கட்சியில் தேறியது இவர் மட்டும். 1974 வரை 13 ஆண்டுகள், சுமார் 160 பேர் கொண்ட அவையில் ஒத்தை ஆள். எப்பேர்ப்பட்ட அவை? கறுப்பின மக்களுக்கு அதைத் தேர்ந்தெடுக்க வாக்கில்லை. நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன நம்மாட்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இல்லை.

"ஒத்தப் பொம்பள எந்திரிச்சுக் கேள்வி கேட்டு என்னத்த ஆயிருச்சு? அந்தச் சபைக்கு ஜனநாயகச் சாயம் பூசிக் குடுத்ததுதான் மிச்சம்" என்றார் நண்பர் ஒருவர். லேசில் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

சுஸ்மன் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் வறண்டவை. கடவுச்சீட்டுச் சட்டங்களில் இந்த ஆண்டு எத்தனை பேர் கைதானார்கள்? விசாரணையின்றி எத்தனை பேர் அடைக்கப்பட்டிருக்கிறார்கள்? எத்தனை பேருக்குச் சவுக்கடி, எத்தனை பேருக்குத் தூக்கு? உருவகம் இல்லை, அறச்சீற்றம் இல்லை. எண்ணிக்கை மட்டும். அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், சொன்னது ஹன்ஸார்டில் அச்சாகும். அங்கே சிறை நிலைமைகளைப் பற்றிப் பத்திரிகைகள் சுயமாக எழுதுவது ஆபத்து. 1965இல் அப்படி எழுதிய 'ரேண்ட் டெய்லி மெயில்' வழக்கில் மாட்டி, 1969இல் அதன் ஆசிரியரும் செய்தியாளரும் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் அவையில் சொன்னதை அச்சிடலாம். இன உறவுகள் நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளுக்கும் இந்தப் பதில்கள் போய்ச் சேர்ந்தன. நாட்டை வெளியுலகில் சங்கடப்படுத்தவே இப்படிக் கேட்கிறீர்கள் என்று அமைச்சர் ஒருவர் கொதித்தபோது, சங்கடப்படுத்துபவை என் கேள்விகள் அல்ல, உங்கள் பதில்கள் என்று சுஸ்மன் சொன்னது பிரசித்தம்.

சாமர்த்தியமான பதிலடி என்று எல்லோரும் இதை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இது ஒரு எழுத்துமுறை பற்றிய கூற்றாகவே படுகிறது. கொளல்வினாவின் பணிவோடு அறிவினாவைக் கேட்பது. கொடுமை நடக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அதை அரசின் வாயால், அரசின் தாளில் எழுத வைப்பதுதான் வேலை. நன்னூல் சொல்லும் எட்டு விடைகளில் இனமொழி ஒன்று: ஆடுவாயா என்றால் பாடுவேன் என்பது. அமைச்சர்கள் எங்கும் இதில் கைதேர்ந்தவர்கள். மௌனத்தை நன்னூல் விடையாகக் கணக்கில் கொள்ளவில்லை. ஹன்ஸாரில் அதற்கும் இடமுண்டு, சொல்ல மறுத்ததும் அச்சாகிறது.

உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1998இல் தந்த அறிக்கை, 1993இல் அந்நாட்டு உளவுத்துறை சுமார் 44 டன் ஆவணங்களை அழித்ததைப் பதிவு செய்கிறது. அதிகாரம் தனக்காக எழுதிக்கொண்டதை அதுவே எரித்துவிட்டது. கேள்விக்குப் பதிலாக எழுதிக்கொடுத்ததை எரிக்க முடியவில்லை. அது ஏற்கெனவே நூலகங்களில் இருந்தது.

இப்போது நண்பரின் வாதம். சுஸ்மனின் கட்சி 1978 வரை கல்வி, சொத்துத் தகுதியோடு கூடிய வாக்குரிமையைத்தான் பேசியது. 1980களில் பொருளாதாரத் தடைகளை அவர் எதிர்த்தார். விடுதலை இயக்கத்தினர் இதில் கசந்ததற்குக் காரணம் இருக்கிறது. இன்னொன்று, அந்தப் பதில்களில் வருகிற மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. கைதானவர் இத்தனை, அடிபட்டவர் இத்தனை. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும். அரசின் மொழியில் கேட்கிறவர் அரசின் மொழியில்தான் பதில் வாங்க முடியும். சுஸ்மனைக் கொண்டாடும் கட்டுரைகள் பலவும் இதைக் கண்டுகொள்வதேயில்லை.

ஆனால் அவர் எண்களோடு நின்றுவிடவுமில்லை. 1967இல் ராபன் தீவுச் சிறைக்குப் போனார். கையில் ஸ்வஸ்திகா பச்சை குத்தியிருந்த ஒரு காவலரைப் பற்றி மண்டேலா அவரிடம் முறையிட்டார். அவையில் எழுப்புவேன் என்று சுஸ்மன் அமைச்சரிடம் சொல்ல, ஆள் மாற்றப்பட்டார். கேட்காத கேள்வி செய்த காரியம் இது.

1963ஆம் ஆண்டின் பொதுச் சட்டத் திருத்தத்தையும் பார்க்க வேண்டும். விசாரணையின்றி 90 நாள் அடைத்துவைக்க வழி செய்த சட்டம். பிரதான எதிர்க்கட்சியே ஆதரிக்க, எதிர்த்து விழுந்தது சுஸ்மனின் ஒரே வாக்கு. அதில் இன்னொரு பிரிவும் இருந்தது. தண்டனை முடிந்தவரையும் அமைச்சர் தொடர்ந்து அடைத்துவைக்கலாம், ஆண்டுதோறும் அவை புதுப்பிக்க வேண்டும். பொதுவான சொற்களில் எழுதப்பட்ட இந்தப் பிரிவு பிரயோகிக்கப்பட்டது ஒரே ஒருவர் மீதுதான். ராபர்ட் சொபுக்வே, விட்வாட்டர்ஸ்ராண்டில் ஜூலு மொழி கற்பித்தவர். 1960இல் கடவுச்சீட்டு எதிர்ப்பை நடத்தியதற்காக 3 ஆண்டுத் தண்டனை, அது முடிந்தபின் ராபன் தீவில் மேலும் 6 ஆண்டுகள், மற்ற கைதிகளோடு பேசவும் அனுமதியில்லாமல். சட்டத்தின் வாசகத்தில் அவர் பெயர் கிடையாது. புதுப்பிக்கும் தீர்மானம் ஒவ்வொரு ஆண்டும் வந்தது. சுஸ்மனும் ஒவ்வொரு ஆண்டும் எழுந்து எதிர்த்தார், தோற்றார். 1969இல் சொபுக்வேயைத் தீவிலிருந்து எடுத்துக் கிம்பர்லியில் கட்டுப்படுத்தி வைத்தார்கள். 1978இல் அங்கேயே இறந்தார். அந்தப் பிரிவைச் சட்டப் புத்தகத்துக்கு வெளியே எல்லோரும் சொபுக்வே பிரிவு என்றுதான் சொன்னார்கள்.