சூத்திரம் சரி, கணக்கு தப்பு

மே மாத வெயிலில் கான்கிரீட் மொட்டை மாடியின் மேல்பரப்பு 60 டிகிரி செல்சியஸ், கீழே அறைக் காற்று 35 டிகிரி, தளத்தின் கனம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பள்ளி இயற்பியல் சொல்லித்தந்தது இதுதான்: கடத்துதிறனை வெப்பநிலை வேறுபாட்டால் பெருக்கி, கனத்தால் வகுக்க வேண்டும். கான்கிரீட்டின் கடத்துதிறன் சுமார் 1.5. சதுர மீட்டருக்கு 312 வாட் என்று விடை வருகிறது. பத்துக்குப் பத்து அறையில் மூன்று இஸ்திரிப் பெட்டிகளைத் தொங்கவிட்ட மாதிரி!

இந்த விடையை நம்ப முடியாது. 35 என்பது காற்றின் வெப்பநிலை. சூத்திரம் கேட்பதோ தளத்தின் அடிப்பரப்பு வெப்பநிலையை. அடிப்பரப்பும் 35 டிகிரிதான் என்றால் அது நம் உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கோடையில் உட்கூரையைத் தொட்டுப் பார்த்த யாரும் அதை ஒப்ப மாட்டார்கள்.

விட்டுப்போனது, கூரையின் அடிப்பரப்பிலிருந்து அறைக் காற்றுக்கு வெப்பம் கடப்பதில் உள்ள பரப்புத் தடை. அது சுமார் 0.16, கான்கிரீட்டின் சொந்தத் தடை (கனத்தைக் கடத்துதிறனால் வகுத்தது) வெறும் 0.08. வெப்பநிலை வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 104 வாட், அடிப்பரப்பு ஏறக்குறைய 52 டிகிரி. முதல் விடை மூன்று மடங்கு பிசகியிருக்கிறது. தளத்தை 24 செ.மீ. ஆக்கினால் வெப்பம் பாதியாகும் என்பது பழைய கணக்கு. உண்மையில் கால் பங்குதான் குறையும்.

104-ம் உச்ச வரம்புதான், 60 டிகிரி பல மணி நேரம் நிலைத்தால் மட்டுமே பொருந்தும். கான்கிரீட் சூட்டைத் தேக்கிவைத்துத் தாமதமாக விடுகிறது. மதியம் இரண்டு மணிச் சூடு கீழே உச்சம் தொட ஐந்து மணியாவது ஆகும். இந்தச் சூத்திரத்தைத் தந்த ஃபூரியே பரப்பில் நிகழும் வெப்ப இழப்பையும், நாளும் பருவமும் மாறுவதற்கேற்ப மண்ணுக்குள் இறங்கும் சூட்டையும் விரிவாகவே ஆராய்ந்தார். நாம் எடுத்துக்கொண்டது அவருடைய மிக எளிய வரியை மட்டும்.

அதற்காக அந்த வரியைத் தூக்கியெறிய வேண்டாம். குளிர்பதனக் கிடங்கில் 10 செ.மீ. தெர்மோகோல் சுவரின் தடை 2.9-ஐ நெருங்கும், அங்கே 0.16-ஐ விட்டுவிட்டாலும் பெரிய நட்டமில்லை. வீட்டுக் கூரைக்குத்தான் அது உதவாது. கூரையைத் தடிப்பாக்கச் செலவழிப்பது வீண். வெள்ளைப் பூச்சு மேல்பரப்பை 45 டிகிரிக்கு இறக்கினாலே 104 வாட் 42 ஆகிவிடும். 5 செ.மீ. தெர்மோகோல் அந்த 104-ஐ 15 வாட்டுக்குக் கொண்டுவரும். ஆனால் இரவில் சூடு வெளியேறும் வழியையும் சேர்த்தே அடைக்கும். ஏசி இல்லாத வீட்டுக்கு என் ஓட்டு பூச்சுக்கே.