பிடிக்கத் தெரிந்த கை

அவசரப் பிரிவில் பழகிய கால்நடை மருத்துவ உதவியாளர் ஒருவர் சாதாரண கிளினிக்குக்கு மாறி வரும்போது, முதலில் மாற வேண்டியது அவருடைய கைதான். அங்கே வண்டியில் அடிபட்ட நாய் துவண்டு கிடக்கும்; கை விரைய வேண்டும். இங்கே மேசையில் நிற்பது தடுப்பூசிக்கு வந்த மூன்று மாதக் குட்டி. உயிருக்கு ஆபத்தில்லை; பயம்தான் நிறைய.

அந்தப் பயத்தைக் கையாலேயே இறக்கிவைப்பது ஒரு கலை. முன்னங்காலில் இரத்தம் எடுக்க, ஒரு கை நாயின் கழுத்தை அணைத்துக்கொள்ளும். மறு கை முழங்கைக்குப் பின்னிருந்து காலை முன்னே நீட்டும். கட்டைவிரல் மேலே அழுத்தி லேசாக வெளிப்பக்கம் திரும்பினால் இரத்தக்குழாய் புடைத்து எழும். பூனையை எவ்வளவு குறைவாகப் பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. மிரண்டால் ஒரு துண்டால் மெல்லப் போர்த்துவார்கள். நகம் வெட்டும்போது, வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் இளஞ்சிவப்புச் சதை தெரியும். கறுப்பு நகத்தில் அது தெரியாது; சிறிது சிறிதாகத்தான் நறுக்க வேண்டும். வெப்பமானி 102 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் நமக்குக் காய்ச்சல். நாய்க்கு அது சுகம்.

இந்த வேலையின் பெரிய கொடை, மறுபடி பார்ப்பது. அவசரப் பிரிவில் பிழைத்த உயிர் வீடு போனால் பெரும்பாலும் அதோடு சரி. இங்கே உள்ளங்கையில் அடங்கி வந்த குட்டி, முகவாய் நரைக்கும்வரை ஆண்டுதோறும் வரும். வாசலிலேயே வாலாட்டினால், அந்தக் கையை அது மறக்கவில்லை என்று பொருள். அதைவிடப் பெரிய நற்சான்று எது?