இருமொழி வகுப்பறையும் மொழிச் சமத்துவமும்: ஐக்கிய அமெரிக்க ஆரம்பக் கல்வி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கல்விமுறை எதனையும் அது தோன்றிய சமூகத்தினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது. போதனாமொழி பற்றிய பிரச்சினையில் இவ்வுண்மை மேலும் துலக்கமாகப் புலப்படும். ஐக்கிய அமெரிக்காவின் ஆரம்ப பாடசாலைகளில் ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் ஒருங்கே போதனாமொழிகளாக அமையும் கல்விமுறை இதற்குத் தக்க சான்றாகும். அம்முறையில் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து, கணிதம், விஞ்ஞானம் முதலிய பாடங்களை இரு மொழிகளிலும் கற்பர். மொழியைத் தனிப்பாடமாகப் பயிலாது, மொழியினுள் அமிழ்ந்தே பாடங்களைப் பயில்வதால் இதனை இருமொழி அமிழ்வுக் கல்வி எனலாம். பாடவேளையைச் சரிபாதியாகப் பங்கிடுவது ஒரு வகை. தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 90 பங்கு ஸ்பானிய மொழியிலும் 10 பங்கு ஆங்கிலத்திலும் தொடங்கி, மேல்வகுப்புகளிற் படிப்படியாகச் சமநிலைக்குக் கொணர்வது மற்றொரு வகை.

இம்முறை மொழிச் சமத்துவத்தின் வடிவமாகப் போற்றப்படுகின்றது. ஆயின், நேரத்தைச் சமமாகப் பங்கிடுவதனால் மொழிகள் சமமாகிவிடுமா என்பதே இங்கு ஆராயத்தக்க வினாவாகும்.

இக்கல்வியின் வரலாறு இவ்வினாவுக்கு விடைதர உதவும். 1959 இல் கியூபாவில் நிகழ்ந்த புரட்சியையடுத்து மயாமி நகரை வந்தடைந்த கியூபர்களிற் பலர் வசதியும் கல்வியும் வாய்ந்த வகுப்பினர்; விரைவில் நாடு திரும்புவோம் என எதிர்பார்த்தவர்கள். அவர்தம் பிள்ளைகள் தாய்மொழியை இழத்தலாகாது என்ற எண்ணம் வலுப்பெற்றிருந்த சூழலில், போர்ட் மன்றத்தின் நிதியுதவியுடன் 1963 இல் கோறல் வே ஆரம்ப பாடசாலையில் இருமொழிக் கல்வி தொடங்கப்பட்டது. அங்கு கியூபப் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் இரு மொழிகளிலும் கற்றனர். இதே காலத்தில் தென்மேற்கு மாநிலங்களில் மெக்சிக்க வழிவந்த பிள்ளைகள் பாடசாலையில் ஸ்பானிய மொழி பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்டு வந்தனர் என்பது ஒப்புநோக்கத்தக்கது. அந்நிலப்பரப்பின் பெரும்பகுதி 1848 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மெக்சிக்கோவிடமிருந்து பெறப்பட்டதாகும். மொழி ஒன்றே, பேசுவோரின் சமூகநிலை வேறு. மதிப்பும் அதற்கேற்ப வேறுபட்டது.

1968 இல் நிறைவேறிய இருமொழிக் கல்விச் சட்டம் வறிய குடும்பத்துப் பிள்ளைகளின் குறையைத் தீர்க்கும் பரிகாரமாகவே அமைந்தது. 1978 ஆம் ஆண்டுத் திருத்தம் தாய்மொழிப் போதனையை ஆங்கிலத்துக்கு இட்டுச்செல்லும் இடைக்காலப் படியாக வரையறுத்தது. ஈற்றில் 1998 இல் கலிபோர்னிய வாக்காளர் நூற்றுக்கு 61 பங்கினர், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான இருமொழிக் கல்வியைப் பெரிதும் ஒடுக்கிய முன்மொழிவு 227 ஐ ஆதரித்தனர். அரிசோனா 2000 இலும், மசச்சூசெற்ஸ் 2002 இலும் அவ்வழியைப் பின்பற்றின. ஆனால், 2016 இல் அதே கலிபோர்னியாவில் நூற்றுக்கு 73 பங்கினர் முன்மொழிவு 58 இன் மூலம் அத்தடையை நீக்கினர். பதினெட்டு ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்துக்குக் காரணங்கள் பலவாயினும், புதிய சட்டத்தின் பெயரே ஒரு காரணத்தைச் சுட்டிநிற்கின்றது. உலகப் பொருளாதாரத்துக்கான கல்வி என்பதே அதன் பெயர். உரிமையாகக் கேட்டபோது மறுக்கப்பட்ட மொழி, சந்தையில் விலைபெறும் திறனாக முன்வைக்கப்பட்டபோது ஏற்கப்பட்டது.

இந்நிலை வகுப்பறையிலும் பிரதிபலிப்பதை முதன்மையாக எடுத்துரைத்தவர்களுள் குவாதலூப் வால்டெஸ் குறிப்பிடத்தக்கவர். 1997 இல் ஹார்வர்ட் கல்வியியல் ஆய்விதழில் வெளியான தமது கட்டுரையில் அவர் இம்முறையை நிராகரிக்கவில்லை. அதன் ஆதரவாளர்களை எச்சரித்தார். ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக ஆசிரியர் தமது ஸ்பானிய மொழியை எளிமைப்படுத்தும்போது, அதனைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளையின் மொழி வளர்ச்சிக்கு வேண்டிய செழுமை குன்றிவிடக்கூடும். மேலும், ஆங்கிலம் பேசும் பிள்ளை சிறிதளவு ஸ்பானிய மொழி கற்றாலும் பாராட்டுப் பெறுகின்றது. மற்றைய பிள்ளை ஆங்கிலம் கற்பதோ அதன் கடமையாகவே கொள்ளப்படுகின்றது. உளவியலாளர் லம்பேட், தாய்மொழியோடு மற்றொரு மொழி சேரும் நிலையையும், மற்றொரு மொழி தாய்மொழியை அகற்றும் நிலையையும் வேறுபடுத்திக் காட்டினார். ஒரே மேசையில் அமர்ந்த இரு பிள்ளைகளுள் ஒன்றுக்கு முன்னதும் மற்றதற்குப் பின்னதும் வாய்க்கக்கூடும் என்பதே வால்டெஸின் எச்சரிக்கையிலிருந்து பெறப்படும் முடிவாகும்.

இக்கல்வியின் பயனை மறுத்தலும் பொருந்தாது. ஒறிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில், குலுக்கல் முறையில் இடம்பெற்ற மாணவரை இடம்பெறாதவரோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2017 இல் வெளியாயிற்று. ஸ்பானிய மொழி உட்படப் பல மொழிகளில் நடைபெற்ற அமிழ்வு வகுப்புகளில் இடம்பெற்றோர் ஐந்தாம் வகுப்பில் ஏறத்தாழ ஏழு மாதமும், எட்டாம் வகுப்பில் ஏறத்தாழ ஒன்பது மாதமும் ஆங்கில வாசிப்பில் முன்னின்றனர் என அது காட்டியது. வீட்டுமொழியிற் கற்றால் ஆங்கிலம் கெடும் என்ற பழைய வாதத்துக்கு இது தக்க மறுப்பாகும். எனினும், வெற்றியை அளக்கும் கோல் எது என்பதையும் கவனித்தல் வேண்டும். ஸ்பானிய வகுப்பறை தன்னை நியாயப்படுத்த ஆங்கிலத் தேர்ச்சியையே சாட்சியாக அழைக்கவேண்டியுள்ளது. இது ஆய்வாளரின் குறையன்று. பரீட்சைகளைத் தீர்மானிக்கும் சமூகத்தின் மதிப்பீடு அது.

சந்தையின் பெயரால் ஒரு மொழி பெறும் இடம், சந்தையும் அரசியலும் மாறும்போது உறுதியாக நிலைக்குமெனக் கூறமுடியாது. 2025 மார்ச்சில் ஜனாதிபதியின் ஆணையொன்று ஆங்கிலத்தை ஐக்கிய அமெரிக்காவின் அரசகரும மொழியாகப் பிரகடனப்படுத்தியமை இதனை நினைவூட்டுகின்றது. ஆகவே இருமொழி வகுப்பறையின் தரத்தை நேரசூசியைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. அங்கு இடம்பெறும் முன்னுரிமை எவருக்குரியது? கற்பிக்கப்படும் ஸ்பானிய மொழி, அம்மொழியிலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் சவாலாக அமையுமளவுக்குச் செழுமையுடையதா? அம்மொழியில் அப்பிள்ளை அடையும் தேர்ச்சி ஆங்கிலத் தேர்ச்சிக்கு நிகராகக் கணிக்கப்படுகின்றதா? இவ்வினாக்களுக்குத் தக்க விடையளிக்கும் பாடசாலையே சமத்துவம் என்ற சொல்லுக்கு உரித்துடையதாகும். ஏனைய பாடசாலைகளில், வசதியுடைய பிள்ளைக்கு மேலும் ஒரு வசதியைச் சேர்ப்பதற்கு வறிய பிள்ளையின் தாய்மொழி பயன்படுகின்றது என்றே கொள்ளல் வேண்டும்.