கத்திரி வெயிலும் கிகாஹெர்ட்ஸும்

பிராசஸரைத் தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். அதில் ஈடுபடுகிறவர்கள் கூடினால் பேச்சு முழுக்கக் கிகாஹெர்ட்ஸாகத்தான் இருக்கும். அந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவரின் கைத்திறனை எடைபோட முடியாது. வெறும் காற்றாலேயே குளிரும் கணினியில், அதுவும் தருமபுரி மாவட்டம் மாதிரி கோடை கொளுத்தும் இடத்தில், திறமை வெளிப்படுவது வோல்டேஜில். ஒரு வேகத்தை எத்தனை குறைந்த வோல்டேஜில் நிலைநிறுத்தினார், அது மே மாதத்துப் பிற்பகலிலும் நிற்கிறதா என்ற இரண்டு கேள்விகள் போதும், தேர்ந்த கையை அடையாளம் கண்டுகொள்ள.

இந்தக் கலைக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் 450-ல் ஓடியது. பலருக்கு வோல்டேஜைத் தொடவேண்டிய தேவைகூட வரவில்லை. 2011-ன் கோர் ஐ5-2500கே 3.3 கிகாஹெர்ட்ஸுக்கு விற்கப்பட்டது. நடுத்தர விலைக் காற்றுக் கூலரை மாட்டி 4.5-ஐத் தொட்டவர்கள் ஏராளம். தயாரிப்பாளர்கள் அன்று கணிசமான இடத்தை மிச்சம் வைத்திருந்தார்கள். ஆனால் வெப்பத்தின் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்துவிட்டது. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க வோல்டேஜும் குறையும், ஆகவே ஒரே பரப்பில் எழும் வெப்பம் ஏறாது என்று 1974-ல் ராபர்ட் டென்னார்டும் சக ஆய்வாளர்களும் வகுத்த விதி, 2000-களின் நடுவில் கைவிட்டது. டிரான்சிஸ்டர் சிறுத்தது, கசிவு மின்சாரம் பெருகியதால் வோல்டேஜ் இறங்க மறுத்தது. 2004-ன் பிரெஸ்காட் பென்டியம் 4 சூட்டுக்குப் பேர்போனது. அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது.

வோல்டேஜை ஏன் இத்தனை முக்கியமாக்க வேண்டும்? பிராசஸர் வேலை செய்யும்போது எரிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.20 வோல்ட்டில் 125 வாட் எரிக்கும் பிராசஸர். சிலிக்கானிலிருந்து அறைக் காற்றுவரை ஒவ்வொரு வாட்டுக்கும் 0.4 டிகிரி ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். 125 வாட்டுக்கு ஏற்றம் 50 டிகிரி. விமர்சகர்கள் சோதிக்கும் 22 டிகிரி அறையில் பிராசஸர் 72-ல் நிற்கும். 38 டிகிரி தருமபுரி அறையில் 88-ஐத் தொடும். இப்போது வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டுகிறோம். அது நிலைத்து ஓட வோல்டேஜும் பத்து சதவீதம் கேட்கிறது என்றால், 125 வாட் 166 வாட்டாகிவிடும். ஏற்றம் 66 டிகிரி. குளிர்ந்த அறையில் 88 என்று தப்பிக்கும் அதே அமைப்பு, இங்கே 104-க்குப் போக முயலும். இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூட்டிய வேகத்தில் ஒரு பகுதி அங்கேயே பறிபோகும். உண்மை நிலைமை இந்தக் கணக்கைவிடச் சற்று மோசம்தான்: சிலிக்கான் சூடேறினால் கசிவு மின்சாரமும் ஏறும், அது மேலும் சூட்டைக் கூட்டும்.

தருமபுரியின் காற்றும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்கிறது. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்து சதவீதம்போலக் குறைவு. 22 டிகிரிக் காற்று 38 டிகிரியானால் இன்னொரு ஐந்து சதவீதம் குறையும். ஃபேன் சுழலும் வேகம் அதேதான். ஆனால் அது தள்ளும் காற்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஃபேனை வேகமாகச் சுற்றவிட்டு ஈடுகட்டலாமே என்றால், காற்றோட்டம் இரு மடங்காக ஃபேன் எட்டு மடங்கு மின்சாரம் கேட்கும், இரைச்சல் காதைக் குடையும். கிடைக்கிற பலனோ சில டிகிரிதான். ஏனென்றால் தடை முழுவதும் காற்றில் இல்லை. தடையில் கணிசமான பங்கு சிலிக்கானுக்கும் கூலரின் அடித்தட்டுக்கும் இடையில் இருக்கிறது.

நல்ல காற்றுக் கூலர் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அந்த இடைவெளியின் அருமை புரியும். 2014-ல் வந்த நாக்டுவா என்ஹெச்-டி15-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டு அலுமினியத் தகட்டுக் கோபுரங்கள், அவற்றுக்குள் ஊடுருவும் ஆறு செம்புக் குழாய்கள், 140 மில்லிமீட்டர் ஃபேன்கள் இரண்டு. அந்தக் குழாய்களுக்குள் ஒரு சொட்டு திரவம் அடியில் ஆவியாகி, மேலே தகடுகளில் சூட்டை விட்டுவிட்டுக் குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியாக மறுபடி அடிக்கு வருகிறது. மோட்டாரும் இல்லை, ஓசையும் இல்லை. ஆனால் இத்தனை பெரிய கோபுரத்துக்குச் சூட்டைத் தரும் சிலிக்கான் விரல் நகத்தைவிடச் சிறியது. 2022-ன் ரைசன் 7000 வரிசையில் ஒரு கணிப்புச் சில்லின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து நூறு வாட்டை வெளியே இழுக்கும்போது, பேஸ்ட் தடவுகிற விதமும் திருகை இருபுறமும் சமமாக முறுக்குகிற பதமும் தகட்டின் அளவுக்கே முக்கியமாகின்றன. கோடையில் செம்மண் தூசி தகடுகளுக்கிடையே அடைந்துகொள்ளும் ஊரில், மாதம் ஒருமுறை புளோயர் பிடிப்பதும் இந்தக் கலையின் ஒரு பகுதிதான்.

லிக்விட் கூலர் போட்டால் தீர்ந்ததே என்பார்கள். தீராது. தண்ணீர் சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்குகிறது. ரேடியேட்டர் அதை இறக்குவது அதே அறைக் காற்றில். பெரிய ரேடியேட்டர் பரப்பைக் கூட்டித் தரும், திடீர்ச் சுமையைச் சிறிது நேரம் தாங்கும். ஆனால் அறையின் 38 டிகிரிக்குக் கீழே அதனாலும் போக முடியாது. ஏசி போட்டால் அடித்தளமே இறங்கும், உண்மை. அப்போது அது ஓவர்கிளாக்கரின் திறமையாகாது; பிராசஸரில் முப்பது, நாற்பது வாட் மிச்சம்பிடிக்கத் தெரியாமல் ஏசிக்கு ஆயிரம் வாட்டைக் கொடுத்ததாகவே கணக்கு.

இன்னொரு வாதம் கனமானது. இன்றைய பிராசஸர்கள் தாமே தங்களை ஓவர்கிளாக் செய்துகொள்கின்றனவே, இனி இந்தக் கலைக்கு என்ன வேலை? ரைசன் 7000 வரிசையின் உயர்நிலை மாடல்கள் முழுச்சுமையில் 95 டிகிரிவரை ஏறி அங்கேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. கோர் ஐ9-13900கே 253 வாட்வரை எரிக்கும். மிச்ச இடத்தையெல்லாம் தொழிற்சாலையே எடுத்துக்கொண்டுவிட்டது என்பது சரி. ஆனால் தொழிற்சாலை ஒரே அமைப்பைக் கோடிக்கணக்கான சில்லுகளுக்குப் போடுகிறது. பலவீனமான சில்லும் ஓடவேண்டும் என்று வோல்டேஜைத் தாராளமாக வைக்கிறது. அந்தத் தாராளம் எப்போதும் நல்லதில்லை. 13, 14-ஆம் தலைமுறை கோர் பிராசஸர்களில் நிலையின்மை தலைகாட்டியபோது, அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்கப்பட்டதே காரணம் என்று 2024-ல் இன்டெலே அறிவித்து, மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. கலைஞரின் வேலை இப்போது தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான். முன்பு சொன்ன கணக்கில் வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் 1.20-லிருந்து 1.10-க்கு இறக்கினால், 125 வாட் 105 ஆகும். ஏற்றம் 42 டிகிரி. 38 டிகிரி அறையிலும் பிராசஸர் 80-ல் நிற்கும். மிஞ்சிய அந்த இடத்தில்தான் இந்த ஊரின் ஓவர்கிளாக் பிறக்கவேண்டும்.

திரவ ஹீலியம் ஊற்றி 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டும் உலக சாதனைகளை மட்டம்தட்ட இங்கே இடமில்லை. அத்தகைய கடுங்குளிரில் சிலிக்கான் எப்படி நடந்துகொள்கிறது என்று அவை காட்டுகின்றன. ஆனால் ஒரு சாதனையை எட்டியதும் அந்த ஓட்டம் முடிந்துவிடும். காற்றில் செய்யும் ஓவர்கிளாக், பள்ளி மாணவன் நாள் முழுக்க விளையாடவும், ஸ்டூடியோக்காரர் முகூர்த்த மாதத்தில் கல்யாண வீடியோக்களை இரவு பகலாக ரெண்டர் செய்யவும் நிற்கவேண்டும். அதற்குத் தேவையான நிதானம் பெரிது, கிடைக்கும் கைதட்டல் சிறிது.

ஆகவே தருமபுரியிலோ அரூரிலோ பென்னாகரத்திலோ பிராசஸரை முடுக்கிவிட நினைப்பவருக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. டிசம்பர் இரவில் கிடைத்த எண்ணை நம்பாதீர்கள். வோல்டேஜை முதலில் இறக்குங்கள், வேகத்தைப் பிறகு ஏற்றுங்கள். கத்திரியில் பிற்பகல் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாத அறையில், ஒரு மணி நேரம் முழுச்சுமை கொடுத்துப் பாருங்கள். அப்போதும் 90-ஐத் தாண்டாமல் நிற்கிற வேகம் எதுவோ, அதுவே உங்கள் பிராசஸரின் உண்மையான வேகம்.